கறவை நின்ற அறுபது நாள்

(முதுகுளத்தூரில் கறவை மாடு வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மண்டபத்துக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுத் தொழுவில் ஒரு மாட்டைப் பார்த்தேன். செவலை நிறம், ஜெர்சிக் கலப்பு, நிறைசினை. மடி இறங்கிக் காம்பு விறைத்து நிற்கிறது. "எத்தனையாவது ஈத்து?" என்று கேட்டேன். "மூணாவது டாக்டரய்யா. இன்னிக்கோ நாளைக்கோ ஈண்டுரும்" என்றார் அந்த அக்கா. "தீனி என்ன போடுறீங்க?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறவைதான் இல்லையே, இப்ப கூளந்தான்."

கறவைதான் இல்லையே! நான் பேச வந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னும் கறவை மாட்டை நோயில்லாமல் காப்பது எப்படி என்பதுதான் இன்றைய தலைப்பு. அதில் பாதி, கறவை இல்லாத நாட்களில் அந்த மாட்டுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதில் அடங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பசுவுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஒன்பது மாதம், மேலே பத்து நாள். இதில் ஏழு மாதம் வரை கறக்கலாம். கடைசி இரண்டு மாதம், அதாவது 60 நாள், பாலை வற்றவிட வேண்டும். மடிக்கு ஓய்வு வேண்டும். அதனுள்ளே தேய்ந்துபோன பால் சுரக்கும் செல்கள் உதிர்ந்து புதிதாக முளைக்க வேண்டும். அதே 60 நாளில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? கன்றின் பிறப்பு எடையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மாதத்தில்தான் ஏறுகிறது. ஏழு மாதம் மெதுவாக வளர்ந்த கன்று, கடைசி இரண்டு மாதத்தில் தாயின் உடம்பை உறிஞ்சி வளர்கிறது. வேலை கூடுகிற காலம் இது. நாமோ கூலியை நிறுத்துகிற காலமாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

கறவை நின்றது, தவிடு நின்றது. கறவை நின்றது, புண்ணாக்கு நின்றது. கறவை நின்றது, மாட்டைக் கண்மாய்க்குள் அவிழ்த்துவிட்டாகிவிட்டது. அங்கே என்ன இருக்கிறது? நம் முதுகுளத்தூர் வட்டாரத்துக் கண்மாய்களில் மாசி பிறந்துவிட்டால் என்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த கரம்பையும் சீமைக்கருவேலமும்தான். மாடு என்ன செய்யும்? கருவேலங்காயைத் தின்னும். இனிப்பாக இருப்பதால் விரும்பியே தின்னும். ஓரளவுக்குத் தின்றால் கெடுதல் இல்லை. அதிலே சத்தும் உண்டு. அதையே மூன்று வேளைச் சாப்பாடாக மாதக்கணக்கில் தின்றால் தாடையை அசைக்கும் நரம்பு பழுதாகி, மெல்ல முடியாமல் வாயோரம் எச்சில் வடிய நிற்கும். பிரேசில் நாட்டில் இதே மரத்தின் காயைத் தின்ற மாடுகளுக்கு முகம் கோணிப்போவதைப் பார்த்து, 'கோணமுகம்' என்றே அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள்.

உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் போட்டு, வடகிழக்குப் பருவமழையை அண்ணாந்து பார்த்துப் பிழைக்கிற ஊர் இது. தை அறுப்பில் வருகிற வைக்கோல்தான் வருடம் முழுவதற்கும் தீனி. பால் காசு வாரம் வாரம் கைக்கு வருகிறது, அந்தக் காசில் தவிடு வாங்குகிறோம். காசு நின்றால் தவிடும் நிற்கத்தான் செய்யும். எனக்குப் புரிகிறது. ஆனால் மாட்டின் உடம்புக்கு நம் கணக்கு நோட்டு தெரியாதே! அது தன் கணக்கை ஈன்ற பிறகு தீர்க்கிறது. பால் குறைகிறது, நஞ்சுக்கொடி விழாமல் தங்குகிறது, மறுசினை பிடிக்காமல் மாதக்கணக்கில் ஏய்க்கிறது. "இந்த ஈத்துல மாடு சரியில்ல" என்று சந்தைக்கு ஓட்டுகிறோம். சரியில்லாமல் போனது எது? போன இரண்டு மாதம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நம் தாத்தா காலத்து நாட்டு மாட்டுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகத் தேவையில்லை. புலிக்குளம் மாடு கிடை போட்ட இடத்தில் தானாக ஈன்று, கன்றை நக்கிவிட்டு, அடுத்த நாள் மந்தையோடு நடந்து போகும். அது கறப்பது கன்றுக்குப் போக ஒரு சொம்பு. அதன் உடம்புக்கு அது ஒரு பாரமே இல்லை. நம்மிடம் இப்போது இருப்பது பெரும்பாலும் கலப்பினம். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்பதுதான் நெடுநாளாக இங்கே இனப்பெருக்கக் கொள்கை. 2011-இல் தொடங்கிய விலையில்லாக் கறவைப் பசுத் திட்டத்தில், ஆண்டுக்கு 12,000 மாடு என்ற கணக்கில் கிராமத்துப் பெண்களின் கைக்கு வந்ததும் கலப்பின மாடுதான். பத்து லிட்டர் கறக்கிற மாட்டைக் கையில் கொடுத்தோம். அதன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அதே அளவுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? அந்தக் கடனில் ஒரு தவணையாக இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வற்றவிட்ட மாட்டுக்கு என்ன செய்யலாம்? நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அடர்தீவனம் கொடுங்கள். வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். கொஞ்சம் சோளத்தட்டை, கிடைத்த அளவுக்குப் பசும்புல், தாது உப்புக் கலவை ஒரு கை. இது போதும். அதற்காக மாட்டைப் பிதுங்கப் பிதுங்கக் கொழுக்க வைத்துவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அளவு எப்படித் தெரியும்? முதுகைப் பாருங்கள். முதுகுளத்தூர் என்ற பெயரை முது குளம் என்றுதான் பிரிக்க வேண்டும், தெரியும். ஆனாலும் மாட்டு வைத்தியன் என் கண்ணுக்கு இந்த ஊர்ப் பெயரில் முதலில் தெரிவது முதுகுதான்! முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வாலடியும்தான் மாட்டின் வரவு செலவு எழுதியிருக்கிற பலகை. விலா எலும்பைத் தொட்டு அழுத்தினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், தெருவில் நின்று எண்ணும்படி தெரியக் கூடாது. வாலடியில் குழி ஆழமாக இருந்தால் மெலிவு. குழியே இல்லாமல் கொழுப்பு உருண்டு நின்றால் அதிகம். இதற்குத் தராசு வேண்டாம், படிப்பு வேண்டாம், கை போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாசலில் நிற்கிற தம்பிமார்களும் கொஞ்சம் உள்ளே வாருங்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிது. கடலாடிப் பக்கம் ஒரு ஊரிலிருந்து விடியற்காலையில் ஆள் வந்தது. முந்தின நாள் மாலையில் மாடு ஈன்றிருக்கிறது. நல்ல கன்று, நஞ்சும் விழுந்துவிட்டது, சீம்பாலை ஒட்டக் கறந்து தெருவுக்கே கொடுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் மாடு தள்ளாடிப் படுத்தது, பிறகு எழவில்லை. நான் போனபோது கழுத்தை மடக்கித் தலையை விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தூங்குவதுபோல் கிடந்தது. காதைத் தொட்டேன். ஐஸ் கட்டி. மூக்கு வறண்டு கிடந்தது. சாணி போடவில்லை. மருந்து ஏற்றினேன், அரை மணி நேரத்தில் மாடு எழுந்து நின்றது. வீடே என்னைக் கும்பிட்டது. மூன்றாம் நாள் அந்த மாடு செத்துப்போனது. ஏன்? நான் வருவதற்கு முன்னால், படுத்துக் கிடந்த மாட்டின் வாயைத் திறந்து, மூங்கில் குழாயில் இஞ்சிக் கஷாயம் புகட்டியிருக்கிறார்கள். விழுங்கும் சக்தி இல்லாத நேரத்தில் ஊற்றிய கஷாயம் நேராக நுரையீரலுக்குப் போய்விட்டது. நோய் கொல்லவில்லை, அன்பு கொன்றது. நானும் அவர்களிடம் கேட்க மறந்தேன், "வாயில் ஏதாவது ஊற்றினீர்களா?" என்று. அந்தக் கேள்வியை இன்றுவரை எந்த வீட்டிலும் நான் மறந்ததில்லை.

இந்த நோய்க்குப் பால் சுரம் என்று பெயர். பெயர் வைத்தவர் தப்பாக வைத்துவிட்டார், இதில் சுரமே கிடையாது. நல்ல மாட்டுக்கு உடம்புச் சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கும். இந்த நோயில் அது இறங்கிப் போகும். அதனால்தான் காது சில்லிடுகிறது. ஈன்ற மூன்று நாளுக்குள் வருவதுதான் அதிகம். மூன்றாம் ஈத்துக்கு மேல் அதிகம். பால் வளம் உள்ள மாட்டில் அதிகம். எல்லா இனங்களிலும் ஜெர்சிக்கு இன்னும் அதிகம். நம் தொழுவத்தில் நிற்பது எது? யோசித்துக்கொள்ளுங்கள்.

காரணம் என்ன? சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். ஒரு பசுவின் ரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் மொத்தமே மூன்று, நான்கு கிராம். ஒரு லிட்டர் சீம்பாலில் இருப்பது இரண்டு கிராமுக்கு மேல். ஐந்து லிட்டர் சீம்பால் கறந்தால் பத்து கிராம் வெளியே போகிறது. கையில் இருப்பது நாலு ரூபாய், செலவு பத்து ரூபாய்! மீதியை எங்கிருந்து எடுப்பது? எலும்பிலிருந்து எடுக்க வேண்டும். எலும்பில் கிலோக்கணக்கில் கிடக்கிறது. ஆனால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த கண்மாயை வைத்தே சொல்கிறேன். எலும்புதான் கண்மாய். ரத்தம் வாய்க்கால். மடியும் தசையும் வயல். மடையைத் திறந்து மூட ஒரு நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். மாட்டின் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு என்ற சின்னஞ்சிறு சுரப்பிதான் அவர். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் அவர் போய் மடையைத் திறப்பார். தினமும் திறந்து மூடுகிற மடை லேசாகத் திறக்கும். ஆனால் மழை அடித்துப் பெய்து வயலெல்லாம் தானாகவே நிறைந்து கிடந்தால் நீர்ப்பாய்ச்சி என்ன செய்வார்? மடையை அடைத்துவிட்டு வீட்டில் படுத்துவிடுவார். திடீரென்று ஒரு நாள் மழை நின்று, எல்லா வயலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டால்? அவரை எழுப்பி, அழைத்து வந்து, துருப்பிடித்த மடையைத் திறப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். அந்த இரண்டு நாளில் பயிர் வாடும். மாடு சாய்கிற இரண்டு நாளும் அதுதான்.

அந்த மழையைப் பெய்ய வைப்பது யார்? நாம்தான். சினை மாடாயிற்றே, சத்து வேண்டுமே என்று ஈனுவதற்கு முந்திய மூன்று வாரமும் கால்சியம் டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறோம். கூளம் மட்டும் போடுகிற வீட்டில்கூடக் கடைக்காரர் சொன்னார் என்று டானிக் வாங்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அகத்தி, வேலிமசால், சூபாபுல் என்று சுண்ணாம்பு மிகுந்த தழையையும் அந்த மூன்று வாரம் வண்டி வண்டியாகப் போட வேண்டாம். ஈன்ற அன்றைக்குக் கொடுங்கள் டானிக்கை. அன்றிலிருந்து அகத்தியை அள்ளிப் போடுங்கள். மருந்து அதேதான், நாள்தான் மாறுகிறது. நாள் மாறினால் உயிர் மாறுகிறது. இதைத் தவிர வேறு எதையும் இன்று நீங்கள் மனதில் கொண்டுபோகாவிட்டாலும் எனக்குக் குறை இல்லை.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. நூற்றிருபது, நூற்றிமுப்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பால் சுரம் வந்த மாடுகளில் பாதிக்கு மேல் செத்துக்கொண்டிருந்தன. டென்மார்க் நாட்டில் கோல்டிங் என்ற ஊரில் ஷ்மிட் என்று ஒரு கால்நடை மருத்துவர். மடியில் ஏதோ விஷம் உருவாகிறது என்பது அவர் எண்ணம். 1897-இல் மடிக்குள் அயோடைடு மருந்தை ஏற்றிப் பார்த்தார், மாடுகள் பிழைத்தன! பிறகு மருந்தே வேண்டாம், மடிக்குள் காற்றை அடைத்தாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். பம்பு வைத்துச் சைக்கிள் டியூபுக்கு அடிப்பதுபோல் மடிக்குக் காற்று அடித்தார்கள், மாடு எழுந்து நடந்தது. விஷம் இருந்ததா? இல்லவே இல்லை. காற்றின் அழுத்தத்தில் பால் சுரப்பது நின்றது, கால்சியம் வெளியேறுவதும் நின்றது, அவ்வளவுதான். ரத்தத்தில் கால்சியம் குறைவதுதான் காரணம் என்பது 1920-களில்தான் தெளிவானது. எண்ணம் தப்பு, வைத்தியம் சரி! நம் ஊர்க் கை வைத்தியம் சிலவற்றிலும் இந்தக் கதைதான்.

அதிலிருந்து ஒரு பாடம் நமக்கு இன்றும் உதவும். அதிகப் பால் கறக்கிற மாட்டை, ஈன்ற முதல் இரண்டு நாள் ஒட்டக் கறக்காதீர்கள். கன்றுக்கும் வீட்டுக்கும் வேண்டியதைக் கறந்துவிட்டு மீதியை மடியில் விடுங்கள். சீம்பாலைத் தெருவுக்கே கொடுக்க வேண்டும் என்ற தாராளத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வையுங்கள், அக்கம்பக்கத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாடு சாய்ந்துவிட்டால்? வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தால் வைக்கோல் கட்டை முட்டுக் கொடுத்து நெஞ்சு தரையில் படும்படி உட்காரவையுங்கள், இல்லாவிட்டால் வயிறு ஊதிப்போகும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும், கட்டணம் இல்லை. ரத்தக்குழாயில் ஏற்றுகிற கால்சியத்தை மெதுவாக, இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் அந்த ஊசியை அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். மருந்து ஏற ஏற மாடு ஏப்பம் விடும், தசை நடுங்கும், சாணி போடும், மூக்கு வியர்க்கும். என் வேலையில் அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

ஈனுகிற நேரத்தைப் பற்றி நீங்கள் எனக்கே சொல்லித் தருவீர்கள், அதனால் சுருக்கமாக. தண்ணீர்க்குடம் உடைந்ததும் முதலில் தெரிவது இரண்டு குளம்பு. குளம்பின் அடிப்பக்கம் கீழ்நோக்கி இருந்து, பின்னாலேயே மூக்கு தெரிந்தால் கன்று நேராக வருகிறது. அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தால் பின்னங்கால். ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றம் இல்லை என்றால் ஆள் கூட்டி இழுக்கிற வேலை வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். தலைச்சன் கிடேரிக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். நான்கு பேர் கயிறு போட்டு இழுத்ததில் கருப்பையே கிழிந்த மாட்டை நான் தைத்திருக்கிறேன்.

இனி நஞ்சுக்கொடி. இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு தனி நாகரிகமே இருக்கிறது. பாதையோர ஆலமரத்தைப் பாருங்கள், வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டிய பொட்டலங்கள் தொங்கும். பால் வடிகிற மரத்தில் இளங்கொடியைக் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பால் பெருகுமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் இதைக் கண்டுபிடித்த கிழவர் ஒன்றைச் சரியாகச் செய்தார்: நாயும் மாடும் தின்ன முடியாத உயரத்துக்கு அதைக் கொண்டுபோய்விட்டார். கன்று வீசுகிற புருசெல்லா நோய் நஞ்சு வழியாக நாய்க்கும், பக்கத்து மாட்டுக்கும், கையுறை இல்லாமல் தொடுகிற மனிதனுக்கும் பரவுகிறது. மனிதனுக்கு வந்தால் மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி. இன்றைக்கு என் யோசனை, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆலமரத்தடியில் புதைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் மனக்குறை வேண்டாம். கிடேரிக் கன்றுக்கு 4 மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி ஒரே ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதும். 2019-லிருந்து மத்திய அரசின் நோய் ஒழிப்புத் திட்டத்தில் இதைச் செலவில்லாமல் போடுகிறார்கள்.

நஞ்சு விழவில்லை என்றால் என்ன செய்கிறோம்? தொங்குகிற கொடியில் கல்லைக் கட்டுகிறோம். பழைய செருப்பைக் கட்டுகிறோம். சுமை இழுத்து விழுந்துவிடும் என்று நினைப்பு. சிலசமயம் விழும். சிலசமயம் கருப்பையும் சேர்ந்து வெளியே விழும்! அடிதள்ளிய மாட்டின் கருப்பையைக் காக்கை கொத்துவதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

இன்னொரு பழக்கம் இதைவிடக் கொடுமை. நஞ்சு விழுகிற வரைக்கும் கன்றை மடிக்கு விடுவதில்லை. "கொடி விழாம ஊட்டவிட்டா கன்னுக்கு ஆகாது" என்பார்கள். எவ்வளவு தலைகீழ் பாருங்கள்! கன்று முட்டி முட்டி ஊட்டும்போதுதான் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது. அதுதான் பாலை இறக்குகிறது, அதுதான் கருப்பையைச் சுருக்கி நஞ்சைத் தள்ளுகிறது. கன்றை விலக்கி வைத்தால் நஞ்சு விழுவது தாமதமாகிறது. நஞ்சு தாமதமாவதால் கன்றை இன்னும் விலக்கி வைக்கிறோம். இடையில் கன்றின் கதி? மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றிலேயே கிடைத்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை, வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்குச் சீம்பால்தான் தடுப்பூசி. அதை உறிஞ்சிக்கொள்ளும் குடல் வாசல் மணிக்கு மணி சாத்திக்கொண்டே வந்து ஒரு நாளில் அடைத்துவிடும். பிறந்த அரை மணி, ஒரு மணிக்குள் முதல் ஊட்டு. முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் இருந்தால் வெல்லமும் ஏலக்காயும் போட்டு நீங்கள் கிண்டிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள்.

பொதுவாக நஞ்சு எட்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். தஞ்சாவூரில் மரபுவழி மூலிகை வைத்தியத்தைத் தொகுத்துப் பரப்பிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி ஒரு முறை சொல்கிறார்: ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு முள்ளங்கி தின்னக் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி தாண்டினால் கொடியைப் பிறப்புறுப்பை ஒட்டி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி விட்டுவிட வேண்டும். கையை உள்ளே விட்டுப் பிய்ப்பது கூடவே கூடாது. மாடு தீனி எடுக்காமல், சுரம் கண்டு, நாற்றமடிக்கும் நீர் வடிந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம். கருப்பையும் தசைதான். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். மாட்டைச் சாய்த்த அதே குறைதான் நஞ்சையும் தங்க வைக்கிறது, அடியையும் தள்ள வைக்கிறது.

கொழுத்த மாட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்துக்குப் போய்விடும். தீனி எடுக்கும் அளவு உச்சத்துக்குப் போக அதற்கு மேலும் சில வாரம் ஆகும். இடைவெளியை எதை வைத்து நிரப்புகிறது? உடம்புக் கொழுப்பைக் கரைத்து. கொழுத்த மாட்டுக்குப் பசி மந்தமாகவும் இருக்கும், கரைகிற கொழுப்பும் அதிகம். கல்லீரல் திணறிப்போகிறது. தவிட்டையும் புண்ணாக்கையும் மோந்து பார்த்து ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மென்றுகொண்டிருந்தால், மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தால், அது கீட்டோசிஸ். பெண்பிள்ளைகள் நகப்பூச்சு அழிக்கிற திரவம் இருக்கிறதே, அதே வாசனை. சிலருக்கு அந்த வாசனையே தெரியாது, வீட்டில் இரண்டு பேர் மோந்து பாருங்கள்.

இதைத் தடுக்கத்தான் ஈனுவதற்கு முன்பே அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்கிறோம். கூளம் தின்ற வயிற்றில், ஈன்ற மறுநாள் திடீரென்று நாலு கிலோ அடர்தீவனத்தைக் கொட்டினால் வயிறு புளித்துப்போகும். விருந்து வைத்துக் கொன்ற கதைதான்.

கடைசியாகத் தண்ணீரும் சேறும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படி என்று தெரியும், பல ஊரில் நாக்கில் வைக்க முடியாது. மாடும் அதை அரைமனதாகத்தான் குடிக்கும். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும், இது நம் மாட்டுக்கு எட்டுவதில்லை. தவிர, நிறைசினை மாட்டுக்கு உப்பு அதிகமானால் மடியில் நீர் கோத்து வீங்குவது கூடும். குடிதண்ணீரில் ஒரு பங்கையாவது நிறைமாதத்து மாட்டுக்கு ஒதுக்குங்கள். ஈன்றவுடன் வெதுவெதுப்பான தண்ணீரை வாளி வாளியாக வையுங்கள், கொஞ்சம் தவிடும் வெல்லமும் கலந்து.

மழைக்காலத்தில் ஈனுகிற மாட்டுக்குச் சேறுதான் எதிரி. வற்றவிட்ட முதல் இரண்டு வாரமும், ஈனுவதை ஒட்டிய நாட்களும் மடிநோய் நுழைகிற நேரம். கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் அரை மணி நேரத்துக்கு மேல் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு படுத்தால் சேறு நேராக உள்ளே. என்ன செய்யலாம்? கறந்ததும் தீனி போடுங்கள். தின்கிற மாடு நிற்கும், நிற்கிற மாட்டின் காம்பு மூடிக்கொள்ளும். செலவே இல்லாத வைத்தியம் இது.

எந்த மாதத்தில் ஈன வைப்பது நல்லது என்று கேட்பீர்கள். சித்திரையில் சினை ஊசி போட்டால் தையில் ஈனும், வைக்கோல் புதிது, வெயில் இதம், தரை காய்ந்திருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் மாடு பருவத்துக்கு வருவதே தெரியாது, ஊசியும் சரியாகத் தங்காது. மாசியில் போட்டால் தங்கும், ஆனால் கார்த்திகைச் சேற்றில் ஈனும். பசும்புல் கிடைக்கும், மடிநோயும் கிடைக்கும். எனக்கு மாசிதான் சரியென்று படுகிறது. சேற்றை மேடு கட்டிச் சமாளிக்கலாம், சூரியனைச் சமாளிக்க முடியாது. ஆனி, ஆடியில் ஈனும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்போது கண்மாயில் கருவேலந்தான் இருக்கும்.

பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். பின் வரிசையில் அந்த அக்கா எழுந்து போவதைப் பார்க்கிறேன். தொழுவில் மாடு கத்துகிறது. கேட்கிறதா? தலைவர் மன்னிக்க வேண்டும், நன்றியுரையைப் பிறகு வைத்துக்கொள்வோம். கூட்டமாகப் போய் மாட்டை மிரட்ட வேண்டாம், ஒரு நான்கைந்து பேர் மட்டும் வாருங்கள். வரும்போது யாராவது ஒரு வாளி வெந்நீரும், கன்றின் தொப்புளுக்கு டிஞ்சர் அயோடினும், ஒரு முள்ளங்கியும் எடுத்து வாருங்கள். அக்கா, அந்தச் செருப்பை மட்டும் தொழுவுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள்.